வலிப்பு மருந்தும் அதன் அளவும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் நாட்டுப் பழமொழி. இதன் உண்மையை, வலிப்பு நோய்க்கான மருந்துகளின் வரலாற்றைப் போலத் தெளிவாக எடுத்துக்காட்டுவது வேறொன்று இருத்தல் அரிது. சென்ற நூற்றைம்பது ஆண்டுகளில் இந்நோய்க்குப் பல மருந்துகள் கிடைத்தன. ஆனால் மருந்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அதை எவ்வளவு கொடுப்பது, எவ்வளவு காலம் கொடுப்பது, உடம்பு அதை எவ்வாறு வெளியேற்றுகிறது என்பவற்றைக் கற்றுக்கொள்ளவே மருத்துவ உலகிற்கு அதிகக் காலம் பிடித்தது. இக்கட்டுரையாளர் மருத்துவர் அல்லர், இயற்பியல் ஆசிரியர். எனவே இவ்வரலாற்றில் அளவு, வேகம், செறிவு ஆகிய மூன்றும் வகிக்கும் பங்கையே இங்குச் சற்று விரிவாகக் காண்போம்.

நோயும் அச்சமும்

வலிப்பு நோயைக் 'காக்காய் வலிப்பு' என்று நம் மக்கள் வழங்குகின்றனர். 'கால் கை வலிப்பு' என்பதே இவ்வாறு மருவியது என்பர். திடீரென ஒருவர் நினைவிழந்து விழுவதையும், கை கால்கள் வெட்டி இழுப்பதையும், வாயில் நுரை தள்ளுவதையும் கண்ட பண்டைய மக்கள் இதைத் தெய்வக் குற்றம் என்றும் பேய் பிடித்தல் என்றும் எண்ணினர். ஏறத்தாழ கி.மு. 400-இல், கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்கிரட்டிசின் பெயரால் வழங்கும் நூல் ஒன்று இக்கருத்தை மறுத்தது. மற்ற நோய்களைவிட இது எவ்வகையிலும் தெய்வீகமானதன்று என்றும், மூளையே இதன் இருப்பிடம் என்றும் அந்நூல் கூறிற்று. எனினும் இக்கருத்து நிலைபெற இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

1873-இல் இங்கிலாந்து நாட்டு நரம்பியல் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன், மூளையின் நரம்புச் செல்கள் திடீரென அளவுமீறி ஆற்றலை வெளிப்படுத்துவதே வலிப்பு என்று விளக்கினார். அதைக் கருவிகொண்டு காட்டும் வழி பின்னரே கிடைத்தது. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து 1929-இல் வெளியிட்டார். 1935-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள், சில நொடிகள் மட்டும் நினைவு தப்பும் சிறுவலிப்பின்போது விநாடிக்கு 3 முறை எழும் தனித்த அலை வடிவத்தைக் கண்டனர். வலிப்பு என்பது ஒரு மின் நிகழ்ச்சியே என்பது இவ்வாறு ஐயமின்றி உறுதிப்பட்டது.

தவறான எண்ணம், சரியான மருந்து

பயன்தரும் முதல் மருந்து கிடைத்த கதை விந்தையானது. 1857 மே 11 அன்று லண்டனில் மருத்துவச் சங்கம் ஒன்றின் கூட்டம் நடந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் விக்டோரியா அரசியின் மகப்பேற்று மருத்துவரான சார்லஸ் லோகாக். பாலுணர்ச்சி மிகுதியே வலிப்பு நோய்க்குக் காரணம் என்று அக்கால மருத்துவர் பலர் நம்பி வந்தனர். பொட்டாசியம் புரோமைடு அவ்வுணர்ச்சியைத் தற்காலிகமாகத் தணிக்கிறது என்று ஜெர்மனியில் வெளியான குறிப்பு ஒன்றை லோகாக் படித்திருந்தார். மாதவிலக்கின்போது வலிப்பு வரும் பெண்களுக்கு அந்த உப்பைக் கொடுத்துப் பார்த்ததாகவும், 15 பேரில் 14 பேருக்குப் பயன் கிடைத்ததாகவும் அவர் கூட்டத்தில் தெரிவித்தார்.

காரணம் பற்றிய எண்ணம் முற்றிலும் தவறு; மருந்தோ உண்மையிலேயே வேலை செய்தது. புரோமின் என்னும் தனிமத்தை பலார் என்ற பிரெஞ்சுக்காரர் 1826-இல் உப்பளத்து நீரிலிருந்து கண்டுபிடித்திருந்தார். அதன் உப்பு, முப்பது ஆண்டுகளுக்குப் பின் வலிப்பு நோயாளிகளின் நம்பிக்கையாக மாறிற்று. சில ஆண்டுகளில் ஐரோப்பா முழுவதும் புரோமைடு வழக்கிற்கு வந்தது.

ஆனால் நாளடைவில் புதுத் தொல்லைகள் தோன்றின. முகத்தில் பருக்கள், ஓயாத மயக்கம், தள்ளாடும் நடை, குழம்பிய பேச்சு, சிலருக்குப் பித்துப் பிடித்தது போன்ற நிலை ஆகியவை தலைகாட்டின. இதற்குப் 'புரோமிசம்' என்று பெயரிட்டனர். இந்நிலையில் இருந்த சிலர், மனநோயாளிகள் என்றே கருதப்பட்டு அதற்கான மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். தினமும் அதே அளவைத்தானே கொடுக்கிறோம், முதல் வாரத்தில் இல்லாத கேடு மூன்றாம் மாதத்தில் ஏன் வருகிறது?

தொட்டியில் சேரும் நீர்

இதற்கான விடையை இயற்பியல் மாணவர்கள் எளிதில் ஊகிக்கலாம். கதிரியக்கப் பொருள்களுக்கு அரை ஆயுட்காலம் உண்டு என்பதை நாம் அறிவோம். அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகக் குறையும். உடம்பில் உள்ள மருந்தும் அவ்வாறே ஒரு குறிப்பிட்ட காலத்தில் பாதியாகிறது. புரோமைடு அயனி நம் உடம்பிலுள்ள குளோரைடு அயனியைப் பெரிதும் ஒத்தது. சிறுநீரகம் இரண்டையும் ஏறக்குறைய ஒன்றாகவே நடத்தி, பெரும்பகுதியைத் திரும்ப இரத்தத்திற்கே அனுப்பிவிடுகிறது. ஆகவே புரோமைடு பாதியாக ஏறத்தாழ 12 நாள் ஆகிறது.

ஒரு தொட்டியில் நாள்தோறும் ஒரு குடம் நீர் ஊற்றுகிறோம் என்று கொள்வோம். அடியில் சிறு துளை ஒன்று உண்டு. தொட்டியில் நீர் உயர உயர, துளை வழியே கசிவதும் மிகுகிறது. வரவும் செலவும் சமமாகும்போது நீர்மட்டம் நிலைக்கிறது. அரை ஆயுட்காலம் 12 நாளானால், நிலைத்த மட்டத்தில் சேர்ந்திருக்கும் அளவு ஒரு நாள் மருந்தைப்போல் சுமார் 17 மடங்கு. நாளைக்கு 2 கிராம் உட்கொள்பவரின் உடம்பில் ஏறத்தாழ 35 கிராம் தங்கியிருக்கும். அந்த மட்டத்தை எட்டச் சுமார் இரண்டு மாதம் ஆகும். முதல் வாரத்தில் நோயாளி நலமாயிருப்பதைக் கண்டு மருத்துவர் மகிழ்கிறார். அளவோ மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டேயிருக்கிறது! வலிப்பு மருந்தின் வரலாற்றில் முதற்பாடம் இதுவே.

உறக்க மருந்தின் மறுபயன்

அடுத்த மருந்து ஜெர்மனியில் தோன்றியது. பீனோபார்பிட்டோன் என்னும் உறக்க மருந்தை, பேயர் நிறுவனம் 1912-இல் 'லுமினால்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிரைபர்க் நகர மருத்துவமனையில் பணியாற்றிய இளம் மருத்துவர் ஆல்பிரட் ஹவுப்ட்மன், புரோமைடுக்கு அடங்காத வலிப்பு நோயாளிகளுக்கு இதைக் கொடுத்தார். வலிப்பின் எண்ணிக்கையும் கடுமையும் குறைந்ததைக் கண்டு அவ்வாண்டே வெளியிட்டார். முதல் உலகப் போர் குறுக்கிட்டதால் இச்செய்தி மற்ற நாடுகளுக்குப் பரவத் தாமதமாயிற்று.

ஹவுப்ட்மன் பின்னர் ஹாலே நகரில் பேராசிரியரானார். யூதராகப் பிறந்த காரணத்தால் நாஜி ஆட்சியில் பதவியை இழந்தார். 1938-இல் டாக்காவ் சித்திரவதை முகாமில் அடைக்கப்பட்டார். பின்னர் விடுதலை பெற்று அமெரிக்கா சென்று, 1948-இல் பாஸ்டனில் காலமானார். அவர் தந்த மருந்தோ இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. விலை மிகக் குறைவு என்பதால் ஏழை நாடுகளில் இதன் பயன் பெரிது. 1977-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதல் இன்றியமையா மருந்துப் பட்டியலிலேயே இது இடம் பெற்றது.

இம்மருந்து கற்பித்த பாடம் வேறு. மூளை இதற்குப் பழகிவிடுகிறது. நெடுநாள் உட்கொண்டவர் ஒருநாள் திடீரென நிறுத்தினால், அடங்கியிருந்த வலிப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பலாம். ஒன்றன்பின் ஒன்றாக ஓயாமல் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். ஏணியில் ஏறியவர் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

பாஸ்டனில் நடந்த தேடல்

இதுவரை கிடைத்த இரு மருந்துகளும் தற்செயலாகக் கிடைத்தவை. இரண்டுமே உறக்கம் வரச் செய்பவை. உறக்கம் தருவதால்தான் வலிப்பு அடங்குகிறது என்றே பலரும் எண்ணினர். பாஸ்டன் நகர மருத்துவமனையின் டிரேசி பட்னம் இக்கருத்தை ஐயுற்றார். உறக்கம் தராமலே வலிப்பை மட்டும் தடுக்கும் பொருள் ஏன் இருக்கக்கூடாது என்பது அவருடைய கேள்வி.

இதைச் சோதிக்க ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. பூனையின் தலைவழியே சிறிய மின்னோட்டம் செலுத்தி, எத்தனை மில்லி ஆம்பியரில் வலிப்புத் தோன்றுகிறது என்று முதலில் அளப்பது; பின்னர் மருந்து கொடுத்து மீண்டும் அளப்பது. வலிப்பை எழுப்ப முன்னைவிட அதிக மின்னோட்டம் தேவைப்பட்டால், அம்மருந்துக்குத் தடுக்கும் ஆற்றல் உண்டு என்பது பொருள். கண்ணால் பார்த்துச் சொல்லும் கருத்துக்குப் பதிலாக எண்ணால் சொல்லும் அளவு கிடைத்தது. இந்த முறையின் சிறப்பு இதுவே.

பட்னம் பல மருந்து நிறுவனங்களிடம் சோதனைக்குரிய பொருள்களைக் கேட்டார். டெட்ராய்ட் நகரின் பார்க்-டேவிஸ் நிறுவனம் தன் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த சில பொருள்களை அனுப்பியது. அவற்றுள் ஒன்று பினைட்டாய்ன். கீல் நகர வேதியியலறிஞர் ஹைன்ரிக் பில்ட்ஸ் 1908-இலேயே அதை ஆக்கியிருந்தார். உறக்கம் தரவில்லை என்பதால் பயனற்றது என்று ஒதுக்கப்பட்ட பொருள் அது! பட்னமும் அவருடைய இளைய தோழர் ஹூஸ்டன் மெரிட்டும் சோதித்தபோது, அதுவே பூனைகளை வலிப்பிலிருந்து மிக நன்றாகக் காத்தது.

1938-இல் இருவரும் நோயாளிகளிடம் கண்ட பயனை வெளியிட்டனர். பெருவலிப்பு உடையவர்களில் 58 விழுக்காட்டினருக்கு வலிப்பு முற்றிலும் நின்றது. மேலும் 27 விழுக்காட்டினருக்கு வெகுவாகக் குறைந்தது. இவர்களில் பலர் வேறு மருந்துகளால் குணம் காணாதவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. 'டைலாண்டின்' என்ற பெயரில் அவ்வாண்டே அது விற்பனைக்கு வந்தது.

இம்மருந்து எவ்வாறு வேலை செய்கிறது என்பது பின்னரே புலனாயிற்று. நரம்பில் செய்தி செல்வது சோடியம், பொட்டாசியம் அயனிகளின் ஓட்டத்தால் என்பதை 1952-இல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் நிறுவி, 1963-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். சோடியம் அயனி நுழையும் வாயில் ஒருமுறை திறந்தபின் சிறிது நேரம் செயலற்றுக் கிடக்கும். பினைட்டாய்ன் அந்த ஓய்வை நீட்டிக்கிறது. இயல்பான வேகத்தில் செய்தி அனுப்பும் நரம்புச் செல்லுக்கு இதனால் பெரிய தடையில்லை. வெறிபிடித்தாற்போல் விரைந்து செய்தி அனுப்பும் செல்தான் அடங்குகிறது. உறங்கச் செய்யாமலே வலிப்பைத் தடுக்கும் கமுக்கம் இதுவே.

ஒரே மாத்திரை, வேறு விளைவு

பினைட்டாய்னுக்கும் குறைகள் உண்டு. ஈறு தடித்து வளர்வது 1939-இலேயே அறியப்பட்டது. அளவு மிகுந்தால் கண்கள் ஊசலாடும், நடை தள்ளாடும், பேச்சுக் குழறும். 1960-இல் கோபன்ஹேகன் நகரில் புக்தால் என்பவரும் அவருடைய குழுவினரும், விழுங்கும் அளவைவிட இரத்தத்தில் உள்ள அளவே முக்கியம் என்று காட்டினர். இரத்த நீரில் லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை இருப்பது பொதுவாகப் பயன்தரும் எல்லை எனக் கொள்ளப்பட்டது. 20-க்கு மேல் கண் ஊசலாட்டமும், 30-க்கு மேல் தள்ளாட்டமும், 40-க்கு மேல் மனக்குழப்பமும் தோன்றுவது வழக்கம் என்று அமெரிக்க ஆய்வாளர் குட் 1964-இல் தெரிவித்தார்.

இந்நிலையில் 1968-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஒரு புதிர் தோன்றியது. பல காலமாக ஒரே அளவில் பினைட்டாய்ன் உட்கொண்டு நலமாயிருந்த நோயாளிகள் பலர், திடீரென நஞ்சேறிய அறிகுறிகளுடன் மருத்துவர்களிடம் வந்தனர். ஆராயப்பட்ட 51 பேரில் 87 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் மருந்தின் செறிவு மிகுந்திருந்தது. மருந்தின் அளவு மாறவில்லை. உறையில் அச்சிட்ட எண்ணும் மாறவில்லை. மாறியது ஒன்றே. மருந்துக் குப்பியில் இடம் நிரப்பச் சேர்க்கும் 'வெறும்' பொருளாகக் கால்சியம் சல்பேட் இருந்து வந்தது. அதற்குப் பதில் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்தது. கால்சியம் சல்பேட் இருந்தவரை மருந்தின் ஒரு பகுதி குடலில் உறிஞ்சப்படாமலே போயிற்று. லாக்டோஸ் வந்ததும் அப்பகுதியும் இரத்தத்தில் கலந்தது.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. உறிஞ்சப்படும் அளவு ஓரளவே கூடும்போது, இரத்தச் செறிவு மட்டும் ஏன் பன்மடங்கு ஏறவேண்டும்?

வரிசையில் நிற்கும் கூட்டம்

புரோமைடைப் பொறுத்தவரை நமது தொட்டி உவமை சரி. நீர் உயர்ந்தால் கசிவும் அதே விகிதத்தில் உயரும். பினைட்டாய்ன் அவ்வாறன்று. கல்லீரலிலுள்ள நொதிகள் அதைச் சிதைக்கின்றன. நொதி என்பது பயணச்சீட்டுக் கொடுக்கும் சாளரம் போன்றது. கூட்டம் குறைவாயிருக்கும்போது வருபவரெல்லாம் உடனே சீட்டுப் பெற்றுச் செல்வர். கூட்டம் மிகுந்தால் எழுத்தர் எவ்வளவு விரைந்தாலும் மணிக்கு இத்தனை பேர் என்ற எல்லையை மீற முடியாது. வரிசை நீண்டுகொண்டே போகும். நொதிகளின் இவ்வியல்பை 1913-இலேயே மிகாயலிஸ், மென்டன் என்ற இருவர் ஒரு சமன்பாடாக எழுதி வைத்தனர்.

கணக்குக்காக ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். அவருடைய கல்லீரல் நாளைக்கு உச்ச அளவாக 450 மில்லிகிராம் சிதைக்கும் என்றும், செறிவு லிட்டருக்கு 5 மில்லிகிராமாக இருக்கும்போது அதில் பாதி வேகத்தில் சிதைக்கும் என்றும் கொள்வோம். அப்படியானால்,

நாள்தோறும் சிதைவது = 450 × செறிவு ÷ (5 + செறிவு).

வரவும் செலவும் சமமாகும் செறிவை மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். நாளைக்கு 300 மில்லிகிராம் கொடுத்தால் செறிவு 10-இல் நிற்கும். 350 கொடுத்தால் 17.5. 400 கொடுத்தால் 40! 300-இலிருந்து 400 என்பது மூன்றில் ஒரு பங்கு உயர்வுதான். செறிவோ நான்கு மடங்காகிறது. நலமாயிருந்தவர் மனக்குழப்பம் வரும் எல்லையில் நிற்கிறார். 450 கொடுத்தாலோ செறிவு எங்கும் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். பிரிஸ்பேன் புதிருக்கு விடை இதுவே.

இந்த எண்கள் விளக்கத்திற்கு மட்டுமே உரியவை. உச்ச வேகமும் பாதி வேகச் செறிவும் ஆளுக்கு ஆள் மாறும். எனவேதான் ஒருவருக்கு ஏற்ற அளவு பக்கத்து வீட்டாருக்கு ஏற்றதாகாது. சில மருந்துகள் இந்நொதிகளையே மந்தமாக்கும். காசநோய்க்குத் தரப்படும் ஐசோநையாசிட் அத்தகையது என்பது 1960-களில் தெரியவந்தது. வலிப்பும் காசநோயும் ஒருங்கே உடையவர் இரண்டு மருத்துவர்களிடம் செல்லும்போது, ஒருவர் தந்ததை மற்றவரிடம் கூறுவது மிகவும் இன்றியமையாதது.

பின்வந்த மருந்துகள்

இதன்பின் கார்பமசிப்பின், வால்புரோயேட், லமோட்ரிஜின், லெவிடிராசிட்டம் எனப் பல மருந்துகள் வந்துள்ளன. இவற்றுள் வால்புரோயேட்டின் கதையும் விந்தையே. 1882-இல் ஆக்கப்பட்டு, வெறும் கரைப்பானாகவே நெடுநாள் பயன்பட்டு வந்தது. 1962-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில், அதில் கரைத்துச் சோதித்த பொருள்களெல்லாம் வலிப்பைத் தடுப்பது கண்டு வியந்தபோதுதான், தடுப்பது கரைபொருளன்று, கரைப்பானே என்று தெரிந்தது. ஆனால் கருவுற்ற பெண்கள் இதை உட்கொண்டால் குழந்தையின் முதுகெலும்பு மூடாமல் போகக்கூடும் என்று 1982-இல் பிரான்சிலிருந்தே எச்சரிக்கை வந்தது. இன்று, கருவுறும் வயதிலுள்ள பெண்களுக்கு இதைத் தவிர்க்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. இதைப் படித்துவிட்டு, கருவுற்ற ஒருவர் தாமாகவே மருந்தை நிறுத்திவிடலாகாது. வலிப்பும் கருவுக்குக் கேடே. மருத்துவரிடம் உடனே செல்வதுதான் வழி.

கார்பமசிப்பின் சிலருக்குத் தோலையே உரித்துவிடும் கொடிய ஒவ்வாமையைத் தரும். குறிப்பிட்ட ஒரு மரபுக்கூறு உடையவர்களுக்கு இந்த ஆபத்து மிகுதி என்று 2004-இல் தைவான் ஆய்வாளர்கள் கண்டனர். எந்த வலிப்பு மருந்தாயினும், தொடங்கிய சில வாரங்களில் தோலில் தடிப்போ, வாய்ப்புண்ணோ, காய்ச்சலோ தோன்றினால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வரலாறு தரும் விதிகள்

இதுவரை கண்ட நிகழ்ச்சிகளிலிருந்து சில விதிகள் தாமே பிறக்கின்றன.

மருந்தை நாள்தோறும் குறித்த நேரத்தில் உட்கொள்ள வேண்டும். வலிப்பு வரவில்லை என்பது மருந்து வேலை செய்வதன் அடையாளம். மருந்து தேவையில்லை என்பதன் அடையாளமன்று. நிறுத்தும் காலம் வந்ததா என்பதை மருத்துவரே முடிவு செய்து, படிப்படியாகக் குறைப்பார்.

ஒருவேளை மறந்துவிட்டது என்பதற்காக மறுவேளை இருமடங்கு விழுங்கலாகாது. ஒரு நிறுவனத்தின் மாத்திரைக்குப் பதில் வேறு நிறுவனத்தினதைக் கடைக்காரர் தந்தால், மருத்துவரிடம் கேட்ட பின்பே மாற்றவேண்டும். பிரிஸ்பேனை நினைவில் கொள்க. குழந்தைகளுக்குத் தரும் பினைட்டாய்ன் மருந்து, நீரில் கரைந்ததன்று. மிதக்கும் துகள்களைக் கொண்டது. புட்டியை நன்கு குலுக்காமல் ஊற்றினால் முதல் நாள்களில் வெறும் நீரும், கடைசி நாள்களில் அடியில் தங்கிய மருந்தெல்லாமும் குழந்தைக்குப் போய்ச் சேரும். நடை தள்ளாடினாலும், பார்வை இரட்டையாகத் தெரிந்தாலும், ஓயாத மயக்கம் இருந்தாலும், அளவு மிகுந்ததோ என்று ஐயுற வேண்டும்.

எல்லா வலிப்பும் ஒன்றல்ல என்பதும் நினைவிலிருக்கட்டும். பெருவலிப்பை அடக்கும் பினைட்டாய்ன், சில நொடி நினைவு தப்பும் சிறுவலிப்பை அடக்குவதில்லை. சில சமயம் மிகுவிக்கவும் செய்யும். ஆகவே ஒருவரின் மருந்தை மற்றவருக்குத் தருவது ஆபத்து.

வலிப்பு வந்து விழுந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது நம் ஊர்களில் இன்றும் உண்டு. வலிப்புகளில் பெரும்பாலானவை சில நிமிடங்களில் தாமே நின்றுவிடும். சாவி கொடுத்ததால் நின்றது என்று பார்ப்பவர் நினைக்கின்றனர். லோகாக் பெற்ற 14 வெற்றிகளைப் போன்று உண்மைப் பயன்கூட இதில் இல்லை. செய்யவேண்டியது எளிது: கூரிய பொருள்களை அகற்றி, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துத் துணியைத் தளர்த்த வேண்டும். வாயில் எதையும் நுழைக்கலாகாது; அழுத்திப் பிடிக்கவும் கூடாது. ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு. முறையான மருத்துவம் கிடைத்தால் இவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆனால் ஏழை நாடுகளில் பெரும்பாலோர்க்கு அம்மருத்துவம் எட்டவில்லை. மருந்தின் விலை மட்டும் இதற்குக் காரணமன்று. அச்சமும் மறைப்பும் காரணங்கள். நம் நாட்டு இந்து திருமணச் சட்டத்திலேயே, அடிக்கடி வரும் வலிப்பு திருமணத்திற்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999-இல்தான் அச்சொல் நீக்கப்பட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து போன சொல் மனத்திலிருந்து இன்னும் போகவில்லை. பெண்ணுக்கு நோய் இருப்பதை மணமகன் வீட்டார் அறியக்கூடாது என்று, திருமண வாரத்தில் மாத்திரையை மறைத்துவைக்கும் குடும்பங்கள் உண்டு. அப்போது என்ன நேரும் என்பதை, பீனோபார்பிட்டோன் பற்றி மேலே படித்தவர்கள் அறிவார்கள். மாத்திரையை மறைக்காமல் விழுங்கக்கூடிய வீடும், நோயை மறைக்காமல் சொல்லக்கூடிய ஊரும் இந்த மருந்துகளின் பயனுக்கு மிகவும் தேவை.